மூலனூரில் 200 லிட்டர் கடல்

மூலனூரில் என்ன இல்லை? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் இருக்கிறது. ஊர் பெயரையே சுமந்துகொண்டு சந்தைக்குப் போகிற முருங்கைக்காய் இருக்கிறது. வெயில் இருக்கிறது, வெளியூருக்கு ஏற்றுமதி செய்கிற அளவுக்கு! இல்லாதது கடல் ஒன்றுதான். ராமேஸ்வரம் பக்கம் போனாலும் சரி, கேரளக் கரைப் பக்கம் போனாலும் சரி, அரை நாள் பஸ்ஸில் முதுகு ஒடிய வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஓட்டு வீட்டு ஆசாரத்தில், ஒருவர் 200 லிட்டர் கடல் வைத்திருக்கிறார்.

எங்கள் வீதித் தம்பிதான். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் ஆறு நாள், 'நீங்கள் அனுப்பிய நீலம் நாங்கள் கேட்ட நீலம் இல்லை' என்று கடல் கடந்து வரும் மெயிலுக்குப் பதில் எழுதுகிற உத்தியோகம். ஏழாம் நாள் உண்மையான நீலத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, தீபாவளி போனஸில் கடல் மீன் தொட்டி வாங்கிவிட்டார். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு கோமாளி மீன் இரண்டு. நீலக்குட்டி ஒன்று.

"கொழம்புக்கு ஆவுமா?" என்றாராம் அவர் அப்பா.

"ஆகாதுங்கப்பா."

"பின்ன எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மீன் தொட்டிக்காரரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

ஆறு மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி. காலையில் சுரண்டினால் மறுநாள் சாயங்காலம் மீண்டும் பச்சை. தம்பி எங்கெங்கோ விசாரித்து, இதற்கு 'மீடியா ரியாக்டர்' என்று ஒரு சாதனம் வாங்க வேண்டும் என்று கண்டுபிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏனுங்ணா, நீங்க பி.காம்., ஆச்சே. வாங்கலாமா வேண்டாமானு கணக்குப் பார்த்துச் சொல்லுங்."

ரியாக்டர் என்றதும் கல்பாக்கம் ஞாபகம் வந்து பயந்துவிடாதீர்கள். இது சாதுவான ஆசாமி.

*

ஒரு பிளாஸ்டிக் குழாய். மேலே திருகு மூடி. கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். உள்ளே கீழேயும் மேலேயும் ஸ்பாஞ்ச் வில்லைகள். நடுவில் ஒரு பிடி கரியோ, வேறு சரக்கோ. சின்ன பம்ப் ஒன்று தொட்டித் தண்ணீரைக் குழாயின் அடியில் கொண்டு போய் விட, அது சரக்கின் ஊடாக மெல்ல மேலே ஏறி, சுத்தமாகித் திரும்பத் தொட்டிக்கு வருகிறது. அவ்வளவுதான். உள்ளே போடுகிற சரக்குக்குத்தான் 'மீடியா' என்று பெயர். பத்திரிகைக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அழுக்கை எடுக்கும்.

சரக்கில் முக்கியமாக இரண்டு ரகம்.

ஒன்று, ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற கிளர்வூட்டிய கரி. மஞ்சள் நிறத்தையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். இதில் நல்ல ரகம் தேங்காய்த் தொட்டியிலிருந்து வருவது. நமக்குப் பக்கத்துக் காங்கேயத்தில் தேங்காயை உலர்த்திப் பருப்பெடுத்த பிறகு மிஞ்சுகிற தொட்டிதான் கரியாகிறது. அதை மேலும் நீராவியில் சுட்டு எடுத்தால் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கிராம் கரியில் உள்ள பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம் பாஷையில் சொன்னால் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்! பத்திரம் பதிய முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இரண்டாவது ரகம், துரு. ஆமாம், இரும்புத் துருவேதான். நுண்துளைகள் உள்ள இரும்பு ஆக்சைடைக் குருணையாக்கியது. தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட் இந்தத் துருவின் மேல் ஒட்டிக்கொள்ளும். இதை மீன் பிரியர்கள் கண்டுபிடிக்கவில்லை. குடிதண்ணீரில் உள்ள ஆர்சனிக் விஷத்தை எடுப்பதற்காக 1990-களில் ஜெர்மனியில் உருவான சரக்கு இது. மீன் தொட்டிக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவும் இரும்பு ஆக்சைடு இனத்தைச் சேர்ந்த ஒரு சரக்கை உருவாக்கி, 'அம்ரித்' என்று பெயர் வைத்து, ஆர்சனிக் உள்ள ஊர்களின் குடிநீருக்குப் பயன்படுத்தியது. அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, துருவை அலட்சியமாகப் பேசாதீர்கள்.

தம்பிக்குத் தேவைப்பட்டது இந்தத் துருதான். காரணம், பாசிக்கு உரம் பாஸ்பேட்.

*

இனி கணக்கு. பேரேட்டை விரித்தேன்.

இருப்பு: தொட்டித் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் சோதித்ததில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பாஸ்பேட். பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் 0.1-க்குக் கீழே இருக்கப் பார்ப்பார்கள். 200 லிட்டருக்கு மொத்த இருப்பு 100 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இதற்கா இத்தனை பாசி!

வரவு: தம்பி தினமும் ஒரு கிராம் தீனி போடுகிறார். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம், 10 மில்லிகிராம். அது பாஸ்பேட்டாக மாறும்போது ஆக்சிஜனும் சேர்ந்து எடை மூன்று மடங்காகும், 30 மில்லிகிராம். வாரத்துக்கு 210.

செலவு: வாரம் 20 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுகிறார். அதோடு வெளியே போவது வெறும் 10 மில்லிகிராம்.

வரவு 210, செலவு 10! இப்படி ஒரு கம்பெனி இருந்தால் ஷேர் வாங்கத் தெருவில் க்யூ நிற்கும். மீன் உடம்பில் கொஞ்சம் தங்கும், ஸ்கிம்மர் நுரையோடு கொஞ்சம் போகும். மிச்சமெல்லாம் கண்ணாடியில் ஃபிக்சட் டெபாசிட்.

அப்படியும் எனக்கு ஏதோ இடித்தது. மூன்று பொடி மீனுக்கு இவ்வளவு பாசியா? ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் ஒரு பாடம் கற்றிருக்கிறேன்: கணக்கு புத்தகத்தில் இடித்தால் எழுந்து போய் குடோனைப் பார்.

"தம்பி, தீனி டப்பா எப்ப வாங்கினது?"

"நாப்பது நாள் ஆச்சுங்ணா."

"எத்தனை கிராம்?"

"நூறு."

டப்பாவைத் திறந்தேன். காலி. நாளைக்கு ஒரு கிராம் என்றால் நாற்பதுதானே போயிருக்க வேண்டும்? அறுபது கிராம் எங்கே? ஸ்டாக் டேலி ஆகவில்லை!

திண்ணையிலிருந்து குரல் வந்தது. தம்பியின் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற ஆத்தா. வயது எண்பதுக்குப் பக்கம்.

"நாந்தாங் கண்ணு போட்டேன். எல்லாரும் வெடிஞ்சும் வெடியாம பஸ் ஏறிப் போயிர்றீங்க. நான் அந்தப் பக்கம் போனாப் போதும், மூணும் ஓடியாந்து கண்ணாடிகிட்ட வாயத் தொறந்து தொறந்து பாக்குது. வாயில்லாத சீவன், பசிக்கும்ல?"

வாயில்லாத ஜீவன் வாயைத் திறந்து பார்ப்பதில் உள்ள முரண்பாட்டை நான் சுட்டிக் காட்டவில்லை. அந்த வீட்டில் தம்பி, அவர் அக்கா, அம்மா, அப்பா நாலு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை ஆறரை மணிக்குப் பூட்டாத வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் மனுஷ முகம். இடைப்பட்ட நேரத்தில் அம்மாயியைப் பார்த்து ஓடி வருகிற ஜீவன் அந்த மூன்றுதான்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மாயி, இனிமே தொட்டிகிட்டப் போவாதீங்" என்று ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து அமர்த்தினேன்.

"ரியாக்டர் வாங்கறதுக்கு முந்தி ஒரு டப்பா வாங்கலாம் தம்பி. மாத்திரை டப்பா. திங்கள், செவ்வாய்னு ஏழு அறை இருக்குமே, அது. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு அறைக்கும் அரை கிராம் அளந்து போட்டு அம்மாயி கையில குடு. மூணு பொடி மீனுக்கு அது தாராளம். தீனி போடற உத்தியோகம் இனி அவங்களோடது. நீ ரிட்டயர் ஆயிடு."

அம்மாயி டப்பாவை இப்போது ரவிக்கைக்குள் சுருக்குப் பையோடு வைத்திருக்கிறார். பேரன் கேட்டாலும் தருவதில்லை.

*

சரி, வரவு இரண்டரை கிராமிலிருந்து அரை கிராமாக இறங்கிவிட்டது. அப்புறம் ரியாக்டர் எதற்கு? வாரா வாரம் தண்ணீரை மாற்றினால் போதாதா?

போதும். சென்னையில், தூத்துக்குடியில் போதும். மூலனூரில் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சமையல் உப்பைக் கரைத்தால் சரிப்படாது. கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருப்பதால் அதற்கென்று உள்ள உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். வாரம் 20 லிட்டர் மாற்றினால் 700 கிராம் உப்பு வெளியே போகிறது. வருஷத்துக்கு 36 கிலோ! எங்கே ஊற்றுவது? கொல்லை முருங்கைக்கா? அடுத்த வருஷம் முருங்கையும் இருக்காது, மண்ணும் இருக்காது.

உப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது எங்கள் ஜில்லாவுக்குப் புதுக் கேள்வி இல்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஏறி முடித்ததும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். அது நொய்யலில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் தோட்டமும் என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை ஹைகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் 'ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது' என்கிற ஜீரோ டிஸ்சார்ஜ் முறையோடுதான் மறுபடி திறந்தன. தம்பியின் கம்பெனி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் இன்றைக்கு முதலில் கேட்பதே 'தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?' என்பதைத்தான். பகலில் அதற்குப் பதில் எழுதிவிட்டு ராத்திரி வீட்டுச் சாக்கடையில் உப்புத் தண்ணீரைக் கொட்டலாமா?

ரியாக்டருக்கு இங்கேதான் வேலை. உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு பாஸ்பேட்டை மட்டும் எடுக்கும். வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். 36 கிலோ, எட்டு கிலோ சொச்சமாகிறது. நைட்ரேட்டை இந்தத் துரு எடுக்காது என்பதால் தண்ணீர் மாற்றுவதை அடியோடு நிறுத்த முடியாது. "வாங்கிக்கோ" என்று கையெழுத்துப் போட்டேன்.

*

நீங்களும் வாங்குவதாக இருந்தால் சில விஷயம்.

பெரிசாக வாங்காதீர்கள். 200 லிட்டருக்குச் சின்னது தாராளம். அடிக்கடி திறக்கிற சாமான் என்பதால் மூடி சுலபமாகத் திருக வருகிறதா, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். தண்ணீர் வரத்தைக் கூட்டிக் குறைக்க வால்வு கட்டாயம் வேண்டும்.

துருவை முதலில் கழுவுங்கள். பம்ப்பை ஆர்.ஓ. தண்ணீர் உள்ள ஒரு பக்கெட்டில் வைத்து, வெளிவரும் குழாயை வேறு பக்கெட்டில் விட்டு, செம்மண் கலங்கல் தெளியும்வரை ஓட்டுங்கள். இதைச் சோம்பல்பட்டு நேரே தொட்டியில் மாட்டினால் மீன்களுக்கு ஹோலிப் பண்டிகை.

குழாயில் பாதிக்கு மேல் துரு போடக்கூடாது. பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போட்டு ஆரம்பியுங்கள். வால்வை மெல்லத் திறந்தால் மேல் பரப்பில் குருணை லேசாக அசைய வேண்டும். சோற்று உலை மாதிரி தளதளக்கக் கூடாது. பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆடை நடுங்குமே, அந்த அளவு. வேகம் கூடினால் குருணைகள் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகும். வேகமே இல்லாவிட்டால் கட்டியாக இறுகும். கரி போடுவதானால் அசையவே விடக்கூடாது. இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் இறுக்கமாக உட்கார வேண்டும்.

சரக்கை எப்போது மாற்றுவது? காலண்டரைப் பார்த்து அல்ல. தொட்டித் தண்ணீரை ஒருமுறை சோதியுங்கள். ரியாக்டரிலிருந்து வெளியே வருவதை ஒருமுறை சோதியுங்கள். இரண்டும் ஒரே எண் காட்டினால் உள்ளே இருக்கிறவர் சும்மா சம்பளம் வாங்குகிறார் என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போய் பல மணி நேரம் வராவிட்டால் குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுவிடும். கரண்ட் வந்ததும் அதை அப்படியே தொட்டிக்குள் போக விடாமல், முதல் குழாய்த் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆசைப்பட்டு யாரிடமாவது உயிருள்ள பவளமோ, பவளப் பாறைத் துண்டோ வாங்கிவிடாதீர்கள். பாறை போலக் கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாக, அதில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே விட்டன. கோமாளி மீன் வேண்டுமானால் குஞ்சு பொரித்து வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அந்த வித்தையைச் செய்து காட்டியிருக்கிறது. தம்பியின் மூன்றும் தொட்டியில் பிறந்தவைதான். கடலைப் பார்த்ததே இல்லை. அம்மாயியும் பார்த்ததில்லை என்பதால் இரு தரப்புக்கும் பேச்சு ஒத்துப்போகிறது.

*

மூன்று மாதம் ஓடிவிட்டது. பாஸ்பேட் 0.5-லிருந்து மெல்ல இறங்கி 0.1 பக்கம் வந்திருக்கிறது. பாசி போய்விடவில்லை, ஆனால் சுரண்டும் வேலை பத்து நாளைக்கு ஒருமுறைதான்.

இதில் ரியாக்டருக்கு எவ்வளவு, மாத்திரை டப்பாவுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கச் சொன்னால், நான் டப்பாவுக்குத்தான் பெரும் பங்கு எழுதுவேன். உள்ளே வருவதைக் குறைக்காமல் வெளியே எடுக்கிற மிஷினை மட்டும் பெரிசாக்கிக்கொண்டே போவது, கிரெடிட் கார்டு பில்லைக் கட்ட இன்னொரு கிரெடிட் கார்டு வாங்குகிற கதை.

இன்னொன்றும் உண்டு. ரியாக்டர் எதையும் ஒழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவே. தண்ணீரில் இருந்த பாஸ்பேட் துருவுக்குப் போயிற்று. உப்பு ஊறிய அந்தத் துருவைச் செடிக்குப் போட முடியாது. மாதம் ஒருமுறை எடுக்கிற 20 லிட்டர் தண்ணீரும் இருக்கிறது. தம்பி அதற்கு மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்துவிட்டார். மூலனூர் வெயில் காசு கேட்காமல் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அடியில் மிஞ்சுகிற உப்பைச் சுரண்டி ஒரு சாக்கில் கட்டி வைக்கிறார். பழைய துருவும் அதே சாக்கில்.

சாயப்பட்டறைக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து மிஷின் போட்டும் கடைசியில் அவர்கள் கையில் நிற்பது இதே மாதிரி மூட்டைதான். உபயோகமில்லாத கலப்பு உப்பை ஷெட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கிறார்கள்.

பேலன்ஸ் ஷீட்டில் எந்த எண்ணையும் அழிக்க முடியாது. இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் எழுதியாக வேண்டும். காலேஜில் மூன்று வருஷம் கற்றுக் கொடுத்தது அது ஒன்றைத்தான். 'சுத்தம் செய்கிறேன்' என்று யாராவது உங்களிடம் வந்தால், எப்படி என்று கேட்காதீர்கள். மூட்டையை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.